வண்டியில் ஏறி வந்த கதவு

மேசையை இழைக்க வந்த தச்சன், வறுத்த காப்பிக் கொட்டையைப் பரப்பி ஆறவைக்கும் அதன் பலகையைத் தடவிப் பார்த்தான். ஓரத்தில் இருந்த ஆணித் துளைகளில் விரலை வைத்துக்கொண்டு, "சேட், யே தர்வாஜா தா நா?" என்றான். ஹவ், கதவாக இருந்ததுதான் என்றேன். யார் வீட்டுக் கதவு என்று கேட்டதற்கு, வேலையைப் பார் என்றேன். அவன் இழைக்க ஆரம்பித்ததும் மரத்திலிருந்து காப்பி வாசனை கிளம்பியது. இத்தனை வருஷத்துச் சூடு உள்ளே ஊறியிருக்கிறது. உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது, தங்கச்சி.

மாப்பிள்ளை பஸ்ரா சண்டையிலிருந்து திரும்பிய சமயத்தில்தான், டின்னைத் தலையில் சுமந்து லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு வீடாகக் காப்பித்தூள் விற்பதை விட்டுவிட்டு, சிக்கந்தராபாத்தில் நான் கடை போட்டேன். அவர் பட்டாளத்தில் பள்ளம் வெட்டும் பிரிவில் இருந்தவர். கை கால் முழுசாக வந்துவிட்டார் என்று உன் மாமியார் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். கை காலை மட்டும்தான் எல்லோரும் பார்த்தோம்.

ஒரு மத்தியானம் அவர் படுத்திருந்தபோது, சாப்பாட்டுக்கு எழுப்ப நீ அவர் காலைத் தொட்டாய். கண் விழிப்பதற்குள் அவர் கை உன் கழுத்தில் இருந்தது. பக்கத்து வீட்டார் வந்து பிரித்தார்கள். அதற்கப்புறம்தான் உள்ளறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வந்தது. உன் மாமியாரை நான் குறை சொல்லமாட்டேன். "பெத்த புள்ளைய அடைச்சு வெக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையாய்யா?" என்று என்னிடம் அழுதாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நடப்பதும் நிற்பதும் கேட்கும். இந்தப் பக்கம் நீ சாதத் தட்டோடு உட்கார்ந்திருப்பாய். தாழ்ப்பாள் ஒன்றுதான், அடைபட்டவர்கள் மூன்று பேர்.

நான் வியாபாரி. நஷ்டம் என்று தெரிந்தால் சரக்கை இறக்கிவிடுவேன். மூட்டை ஏற்றும் மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு உன்னையும் உன் பெட்டி படுக்கையையும் அழைத்துப் போக வந்தேன். வாசலில் வண்டி நிற்கும்போது நீ ஒரு தச்சனை வைத்து அந்த உள்ளறைக் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தாய். அவன் கீலைத் தட்டுவதும், கைக்கு மா, கைக்கு என்று ஏன் எதற்கென்று கேட்டு முனகுவதுமாக இருந்தான். மாமியார் கொல்லைப்புறம் போய் நின்றுவிட்டாள்.

"பெட்டிய எடு, கிளம்பு" என்றேன்.

"நான் கிளம்பினா அவருக்குத் தாழ்ப்பாள் ஒண்ணுதாண்ணா துணை. நான் வரல. வண்டி சும்மா போக வேணாம், இத ஏத்திக்கிட்டுப் போங்க."

கதவு வெளியே வந்தது. அறைக்குள் வெளிச்சம் விழுந்தது. சுவரோரம் குந்தியிருந்த மாப்பிள்ளை வாய் திறந்தார். "பள்ளத்துல மண்ணு மூடினப்பவும் கதவு சாத்தின மாதிரிதான் இருட்டா இருந்திச்சு. திடீர்னு ஒரு கை காலைத் தொட்டிச்சு. நம்ம ஆளா, அவன் ஆளான்னு தெரியல, மச்சான்." ஊர் திரும்பி அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் கதவின் ஒரு முனையைத் தூக்கினேன்.

அந்தப் பேச்சை நான் கேட்டுவிட்டு வந்தேன். நீ அதிலிருந்து ஒரு வழி பிடித்தாய். யாரும் அவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. வருகிறவர் அறை நிலைப்படிக்கு வெளியே நின்று, தான் யார், எங்கே நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். அவர் பதில் கொடுத்த பிறகே உள்ளே வரவேண்டும். "மாப்ளே, மச்சான் வந்திருக்கேன், நிலைக்கிட்ட நிக்கிறேன்" என்று சொல்லும்போது முதலில் எனக்கே சிரிப்பாக இருக்கும். அடுப்படியிலிருந்து நீதான் முந்திக்கொள்வாய்: "எங்க போயிடப் போறோம், உள்ளதான் இருக்கோம், வாங்கண்ணா."

பிறகு நான் கொடுத்தனுப்பிய சின்ன வறுக்கும் உருளையைக் கொல்லையில் வைத்து அவரைச் சுற்றச் சொன்னாய். கொட்டை சூடேறிப் படபடவென்று வெடித்த முதல் தடவை, அவர் மண்ணில் குப்புற விழுந்து தலையை மூடிக்கொண்டாராம். நீ உருளையைத் தூக்கிப் போடவில்லை. மறுநாளிலிருந்து வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், "இப்ப வெடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். பல மாசம் கழித்து ஒரு நாள் அவரே, "இப்ப வெடிக்கும்" என்றாராம். அதை எனக்கு நீ இரண்டு தடவை சொன்னாய். அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் என் கடையில் பெரிய உருளையைச் சுற்ற வந்துவிட்டார்.

குணமாகிவிட்டார் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு எரிச்சல் வரும். அவர் கடையிலிருந்து சொல்லாமல் எழுந்து வீட்டுக்கு ஓடுகிற நாட்கள் இருந்தன. அப்போது நீ வீட்டில் இருந்தாக வேண்டும். அதனால் எப்போதும் இருந்தாய். என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. மோண்டா மார்க்கெட்டுக்கு வரவில்லை. கதவு இல்லாத வீட்டில் உன்னைப் போல அடைபட்டவளை நான் பார்த்ததில்லை. போகும்போதெல்லாம், "நம்ம கதவு என்னாச்சுண்ணா?" என்பாய். மேசையாக்கியிருக்கிறேன், வந்து பார் என்பேன். பார்க்கலாம் என்பாய். காய்ச்சல் வந்து படுத்த பிறகும் அதையே சொன்னாய். வந்து பார்க்காமலே போய்ச் சேர்ந்தாய்.

இப்போது அடுத்த சண்டையும் முடிந்து பர்மாவிலிருந்து ஆட்கள் திரும்புகிறார்கள். போன தீபாவளிக்குப் பிறகு ஒரு சின்னப் பெண் தூள் வாங்க வந்து, நல்ல பூட்டு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டது. மணிக்கட்டில் விரல் பதிந்த கறுப்பு. யாருக்குப் பூட்டு என்று நான் கேட்கவில்லை. நீ கண்டுபிடித்த இரண்டையும் சொன்னேன். தொடாதே, யாரென்று சொல். சத்தம் வரும் முன்னால் சொல். மூன்றாவதாக நானே ஒன்று சேர்த்தேன்: தினமும் காலையில் இங்கே வந்து கறுத்த கொட்டை பொறுக்கு, கூலி தருகிறேன்.

"நக்கோ மாமா, வேணாம். வீட்டுக்காரரை விட்டுட்டு எப்படி வர்றது? யாரு பாத்துக்குவா?"

உருளை நின்றது. மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் போய் உக்காந்துக்கறேம்மா. எனக்குத் தெரியும்."

அன்றிலிருந்து காலையில் அவர் அந்த வீட்டு வாசலில் நின்று, தான் யார், எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். உனக்கு அப்படி ஒருவர் வந்து உட்காரவில்லை. அந்தப் பெண் இங்கே உன் கதவின்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, கொட்டை பொறுக்கியபடி பக்கத்துக் கடைக்காரியோடு வாய் ஓயாமல் பேசுகிறது. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. நடக்கட்டும்.

தச்சன் முடித்துவிட்டு, தாழ்ப்பாள் துளைகளை மெழுகு வைத்து அடைக்கட்டுமா என்றான். நக்கோ என்றேன்.

சாயங்காலம் கடை கட்டியதும் மாப்பிள்ளையைப் பார்க்கப் போவேன். நிலைக்கு வெளியே நின்று, "மச்சான் வந்திருக்கேன்" என்பேன். அவர் உடனே, "வாங்க மச்சான்" என்பார். நான் உடனே உள்ளே போவதில்லை. அடுப்படிப் பக்கமிருந்தும் ஒரு பதில் வருகிற அளவுக்கு நேரம் விட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறேன். அவரும் அதுவரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்.