புதுப் பெட்டியும் உன்ட விசிறியும்

கோவிச்சுக்கொண்டு போன என்ட வீட்டுக்காரிக்கு,

முதல்ல ஒண்ட ஒத்துக்கொள்ளுறன். நீ அக்கா வீட்டுக்குப் போன அண்டைக்கே உன்ட மேசை விசிறிய எடுத்து, நான் ஊர் ஊராக் கூப்பிட்டுக் கதைக்கிற ரேடியோவுக்கு வாங்கின புது அம்பிளிபயர் சூடாகாம காத்துப் பிடிக்க வெச்சிட்டன்.

"நான் வேணுமா, அந்தப் பெட்டி வேணுமா" எண்டு கேட்டாய். அந்தக் கேள்வி சரியில்ல புள்ள. பழைய வால்வுப் பெட்டி சூடேறினாத்தான் வாய் திறக்கும். இந்த ட்ரான்சிஸ்டர் பெட்டி உன்ன மாதிரி, தொட்டதும் சத்தம் போடும். நீயும் அதுவும் ரெண்டும் வீட்டில இருக்கட்டும்.

நான் ரேடியோவில கூப்பிட்டா திருக்கோவில் ஊரத் தாண்டாது எண்டு சிரிப்பாய். இப்ப கடலுக்கு அங்கால தூத்துக்குடியில இருக்கிற ரேடியோக் கூட்டாளிக்கு, பக்கத்து அறையில இருந்து கதைக்கிறாப்போல கேக்குதாம்.

நான் நல்லாத்தான் இருக்கன். சோறாக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருவாய் எண்டும் தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம். நேத்துப் பின்னேரம் அந்தக் கூட்டாளியிட்ட, "அவ இல்லாமச் சோறு இறங்குதில்ல, எப்படியும் வந்திரோணும்" எண்டு சொன்னன். பெட்டியின்ட அலை நம்மட மாதா கோயில் ஒலிபெருக்கிக்குள்ள புகுந்து, செபமாலைக்கு நடுவில என்ட குரல் கேட்டிருக்கு. முழங்கால்ல நிண்ட சனம் எல்லாம் "ஆமென்" எண்டு சொல்லிச்சாம்.

உன்ட
விசிறிக் கள்ளன்