அப்பா இறந்த இடத்துக்கு ஒரு விலாசம்

ஜனவரி 20, திங்கள்

நல்ல வெயில். வாடைக்காற்று. வேளிமலை வரை துல்லியமாகத் தெரிகிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை மறுபடியும் கெட்டுவிட்டது. பிளம்பர் நாளை வருகிறேன் என்றான். அவனுடைய நாளை எனக்குத் தெரியும்.

மஸ்கட்டிலிருந்து ஜெனி அழைத்தாள். குடும்ப வரலாறு எழுதும் மென்பொருள் ஒன்று வாங்கியிருக்கிறாளாம். மரம் போலக் கிளை கிளையாய் ஆட்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த இடம், திருமணம் நடந்த இடம், இறந்த இடம்.

"சித்தப்பா, பேரெல்லாம் நான் போட்டாச்சு. இடம் மட்டும் நீங்க போடணும். தாலுகா ஆபீஸ்ல இருந்தது நீங்கதானே."

இருந்தவன்தான். என்னிடம் கோப்பு எழுதப் படித்தவன் எனக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்த அன்று விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தவன். அதை அவளிடம் சொல்லவில்லை. சரி என்றேன்.

ஜெனி பக்கத்து வீட்டுக்காரரின் மகள். பக்கத்து வீட்டுக்காரர் என் உடன்பிறந்த அண்ணன் அந்தோணி. அண்ணன் என்ற சொல்லை இந்த நோட்டில் எழுதி வருடங்கள் ஆயிற்று. பிள்ளை என்ன பாவம் செய்தாள்.

அவள் அனுப்பிய விதிகள்:
– சிறியதிலிருந்து பெரியது: ஊர், தாலுகா, மாவட்டம், மாநிலம், நாடு.
– சம்பவம் நடந்த அன்று அந்த இடம் எந்த ஆட்சியில் இருந்ததோ அதையே போட வேண்டும்.
– தெரியாவிட்டால் காலியாக விடு. ஊகம் கூடாது.

மூன்றாவது விதி பிடித்திருக்கிறது. அலுவலகத்தில் அதைச் சொல்லித்தான் கெட்டபெயர் வாங்கினேன்.

அத்தை திருமணம், முட்டம். மென்பொருள் அவளை நேரே இடுக்கி மலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அங்கேயும் ஒரு முட்டம் இருக்கிறதாம். ஆயுள் முழுக்க மீன்கூடை சுமந்தவள், ஏலத்தோட்டத்துக்கு நடுவில் மணப்பெண்ணாக நிற்கிறாள். திரும்பக் கடற்கரைக்குக் கொண்டுவர அரை மணி நேரம்.

ஜனவரி 21, செவ்வாய்

பிளம்பர் வரவில்லை.

இடங்கள் தொடர்ச்சி. அம்மா பிறந்தது குளச்சல். சரி. அப்பா பிறந்தது எங்கள் மீன்பிடித் துறை, அகஸ்தீஸ்வரம் தா., திருவிதாங்கூர். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியது அதே துறை, அதே கோயில், ஆனால் திருவிதாங்கூர்-கொச்சி. திருமணம் கன்னியாகுமரி மா., மதராஸ் மாநிலம். மனுஷன் இராஜாக்கமங்கலம் தாண்டிப் போனது அபூர்வம். இருந்த இடத்தில் இருந்தபடியே மூன்று அரசாங்கம் பார்த்துவிட்டார். வரிசையாகத் தட்டி முடித்துத் திரையைப் பார்த்தபோது கொஞ்சம் மயிர்க்கூச்செறிந்தது. பட்டா, சிட்டா என்று இத்தனை வருடம் தாள் பார்த்தவன், இதை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

பிறகு அப்பாவின் கடைசிக் கட்டம். இறந்த இடம்: காலி.

ஜெனியின் செய்தி: "தாத்தாவுக்கு அது ஒண்ணுதான் இல்ல சித்தப்பா."

"கடல்" என்று தட்டினேன். வேறெங்கோ ஓர் ஊரைக் காட்டியது. "இந்தியப் பெருங்கடல்" என்றேன். ஊசியைக் கொண்டுபோய் மாலத்தீவுக்கும் அப்பால், நீல நடுவில் குத்தியது. அழித்தேன். அப்பா கட்டுமரத்தில் போனவர். அவ்வளவு தூரம் அவர் ஏன் போகிறார்.

தெரிந்தது இவ்வளவுதான். தூண்டில் போட்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கூட இருந்தது பக்கத்து வீட்டுக்காரர், அன்று இருபது வயது. தனியாகத் துடுப்புப் போட்டு அப்பாவைக் கரை சேர்த்தார். நான் நாகர்கோவில் விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் பிடித்து வருவதற்குள் குளிப்பாட்டியிருந்தார்கள்.

எந்த இடத்தில்? அப்பா கண்டுபிடித்த பாறை அது. தண்ணீருக்கு அடியில், மீன் மேயும் பாறை. வீட்டில் "நம்ம கல்லு" என்போம். கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை மலையோடு நேர்பிடித்துப் பார்த்தால் கல்லுக்கு நேர் மேலே நிற்கலாம். அந்த நேர்பிடிப்புக்குக் கணியம் என்று பெயர். கடலுக்குப் போகிற மகனுக்கு மட்டும் அப்பன் சொல்லித் தருவான். மருமகனுக்குக் கூடக் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போனேன். எனக்குச் சொல்லவில்லை. ரேஷன் கார்டில் பெயர் நீக்கியது போல அன்றைக்கே நீக்கிவிட்டார்கள்.

மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டே, "போய்க் கேளுங்க. நடுவுல ஒரு மதில்தானே" என்றாள்.

அந்த மதில்தான் பிரச்சினை. பாகப்பிரிவினையில் எல்லைக்கல் நட்டபோது தொடங்கியது. அப்புறமும் ஒன்றிரண்டு வார்த்தை இருந்தது. கடைசியாக அறுந்தது தொட்டியில். மாடி கட்டியபோது தொட்டிக்கு மஞ்சள் அடித்திருந்தேன். கசிந்தது என்று மேஸ்திரி சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு பூசினான். மறுநாளே அவர் மனைவி, மைனி, மதிலுக்கு அப்பால் நின்று சொன்னாள்: "யாரக் கேட்டு மஞ்சள மாத்துனான்னு உங்க அண்ணன் கேக்காரு."

என் வீடு. என் தொட்டி. யாரைக் கேட்க வேண்டும்? சத்தமாகவே சொன்னேன். அதோடு முடிந்தது.

இறந்த இடம் காலியாகவே இருக்கட்டும். விதி எண் மூன்று.

ஜனவரி 23, வியாழன்

மிதவை சரியாயிற்று. காற்று குறைவு. மீன் இல்லை, ஸ்டெல்லா முருங்கைக்காய் வைத்தாள்.

மாலை ஜெனி வீடியோவில் வந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே திரை இரண்டாகப் பிரிந்தது. கீழ்ப்பாதியில் அவர். நரைத்த தாடி, பின்னால் அதே மதிலின் மறுபக்கம். அவர் குரல் ஃபோனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது.

"ஏட்டி, இது யாரு? எதுக்கு இவன இதுல கொண்டாந்த?"

"அப்பா, தாத்தா எங்க வச்சு இறந்தாரு? சித்தப்பா இடம் போடணும்."

"போடட்டும். தாலுகா ஆபீஸ்ல கடலுக்கும் பட்டா குடுப்பாவளா இருக்கும்."

"நிலத்துக்குக் கொடுத்ததையே சிலர் மதிக்கவில்லை என்று உன் அப்பாவிடம் சொல்" என்றேன்.

"கல்லு நட்டவன் கள்ளன்னு உனக்க சித்தப்பன்கிட்டச் சொல்லு."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" ஜெனி கத்திவிட்டாள். இரவு ஷிப்டுக்குக் கிளம்புகிற வெள்ளை உடையில் இருந்தாள். கண் நிறைந்துவிட்டது. "எனக்குப் பிள்ள பிறந்து, உனக்க தாத்தா எங்க வச்சுச் செத்தாருன்னு அது கேட்டா நான் என்ன சொல்ல? யாருக்குமே தெரியாதுன்னா? அப்பா, உங்களுக்குப் பொறவு அது யாருக்குத் தெரியும்?"

அவருக்கு மகன் இல்லை. மருமகன் பாங்கில் வேலை.

அவர்: "கம்ப்யூட்டர்ல ஏத்துனா ஊரானெல்லாம் வந்து கல்லச் சுரண்டிட்டுப் போவான், கேட்டியா. ஜி.பி.எஸ். எண்ணு ஒண்ணும் தரமாட்டேன்." பிறகு தாடியைத் தேய்த்துக்கொண்டு, "சனியாழ்ச்ச விடிய வெளுப்புக்குக் கரைக்கு வரச்சொல்லுட்டி உனக்க சித்தப்பன. காட்டித்தாறேன். ஃபோன வீட்டுல வச்சிட்டு வரணும்."

"கேட்டாச்சு" என்றேன் ஜன்னலைப் பார்த்து.

ஜனவரி 24, வெள்ளி

போவதா வேண்டாமா. இருபக்கமும் எழுதிப் பார்த்தேன்.

போகாமலிருக்க:
– அலை கடந்து உள்ளே போனது பள்ளி நாளில், அதுவும் வாந்தி.
– போனால் அவர் வென்றதாக ஆகும்.
– பொய்யாக ஏதோ ஓரிடத்தைக் காட்டிவிட்டு வருவார்.

போக:
– அப்பா.

கடையில் வாந்தி மாத்திரை வாங்கினேன். ஸ்டெல்லா சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஜனவரி 25, சனி

கை இன்னும் உப்பு. எழுதிவிட வேண்டும்.

கரையில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். "செருப்பக் கழத்து." இத்தனை வருடத்துக்குப் பிறகு நேராக என்னிடம் சொன்ன முதல் சொல். கழற்றினேன்.

வள்ளத்தில் நாங்கள் இருவர் மட்டும். மூன்று அலை தாண்டியதும் மாத்திரை வெளியே வந்துவிட்டது. "சார்வாளு மீனுக்குத் தீனி போடுகாரு" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேல் சொன்னார். சண்டைக்கு வாயைத் திறந்தேன். மறுபடியும் வாந்திதான் வந்தது.

பிறகு அவர் பெயர் சொல்ல ஆரம்பித்தார். எனக்குச் சொல்வது போலில்லை. பஸ்ஸில் கண்டக்டர் சொல்வது போல. "இது வண்டிச்சால்." "இது கெழவிமடை." "இது ரெட்டப்பாரு, வலை விட்டா கீறிரும்." எட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். ஆனால் அவர் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தார். திரையில் நான் கண்ட வெறும் நீலம் முழுக்க வீட்டு எண் போட்ட தெருக்கள்.

எஞ்சினை நிறுத்தினார். வள்ளம் தானாகக் கொஞ்சம் மேற்கே நகர்ந்தது.

"கிழக்க பாரு. பக்கத்தூரு மாதா கோயில் கோபுரம் மருத்துவாமலைக்கத் தெக்குச் சரிவுல ஒட்டுதா?"

ஒட்டியது. கோபுரம் மலையில் செருகியது போல.

"அது ஒண்ணு. இனி வடக்க பாரு. வேளிமலைக்க உச்சி. அப்பிடியே கீழ எறங்கி வா. என்ன நிக்கி?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தென்னைகள். அவற்றுக்கு மேல் ஒரு மொட்டைமாடி. மாடிமேல் ஒரு சதுரம். மலையின் நிறத்திலேயே, தெரிந்தும் தெரியாமலும்.

என் தொட்டி.

"அப்பாவுக்குக் கணியம் நம்ம பறம்புல நின்ன ஒத்தப்பனையாக்கும். ஓர்மை உண்டா? காத்துல போச்சு. எனக்குக் கண்ணு போன மாதிரி ஆயிட்டு. அப்பம் நீ மாடி கட்டுன. மஞ்சத் தொட்டி வச்ச. ஒரு நாளு வெளுப்புக்கு இங்க நின்னு பாக்கேன், பனை நின்ன நேருக்கு மஞ்சளா எரியுது. சிரிச்சிட்டேம்லே. அப்பாவே ஏறி நின்ன மாதிரி இருந்திச்சு."

எக்கி இன்னொரு முறை மாடியைப் பார்த்தேன்.

"பொறவு நீ சாம்பல் அடிச்ச. மலையும் சாம்பலுதாம்லே. பாதி நாளு கல்லக் காணாம சுத்திட்டுத் திரும்புவேன்."

"ஜி.பி.எஸ். பெட்டி இருக்கே" என்றேன்.

"பெட்டி உண்டு. கல்லுக்க எண்ண அதுல ஏத்தல. ரிப்பேருக்குக் குடுத்தா கடைக்காரன் எடுத்துருவான்."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்ல? தொட்டிக்கு மஞ்சள் அடின்னா ஏன்னு கேப்ப. ஏன்னு சொன்னா கல்லச் சொன்னதாச்சே. அப்பாக்கிட்ட சத்தியம் பண்ணுனவன் நான்." கொஞ்சம் நிறுத்தி, "உன்ன மாதிரி வாயாடிகிட்ட வேற" என்றார்.

ஆக இத்தனை வருடம் அந்த மனிதர் ஒவ்வொரு விடியலிலும் என் வீட்டைத் தேடியிருக்கிறார். நான் இங்கே மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் என் வீட்டைப் பார்க்கவே கூசுகிறார் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த நோட்டில்தான். பக்கம் பக்கமாக.

ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கினார். பிறகு நூலை என் கையில் தந்தார். "தொட்டுப் பாரு."

நூல் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று விரலில் ஒரு தட்டு. மெதுவாக, கதவைத் தட்டியது போல. தூக்கி மறுபடியும் இறக்கினேன். மறுபடியும் தட்டு.

"அதாக்கும். இங்க வச்சுத்தான். நூலு அப்பா கையில இருந்து விடல்ல, நான்தான் விரல நிமித்தி எடுத்தேன். பொறவு பனையப் பாத்துக்கிட்டே துடுப்பு வலிச்சேன். அப்பா முகத்தப் பாக்கல. பனைய மட்டும் பாத்தேன்."

இருபது வயது. முப்பது வருடத்துக்கு மேலாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அவர் சிலுவை போட்டார். நானும்.

தலையைத் தூக்கினேன். மேற்கே முட்டத்துக் கலங்கரை விளக்கம், அதற்கும் அப்பால் புகைபோல அம்மாவின் குளச்சல். வடக்கே தென்னைகளுக்குப் பின்னால் நாகர்கோவில், அன்று நான் இருந்த திசை. ஒரு வாரமாக நான் தட்டிய ஊர்களெல்லாம் அரைவட்டமாகச் சுற்றி நின்றன. அவற்றின் கோபுரத்தாலும் மலையாலும் கட்டிய ஒரே விலாசம் என் விரல் நுனியில் தட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ நிலங்களுக்கு எல்லை எழுதியிருக்கிறேன். ஓர் இடத்தை விரலால் தொட்டது இன்றுதான்.

திரும்பும்போது வாந்தி இல்லை. அண்ணன் இரண்டு நவரை மீன் தந்தார். (அண்ணன் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

ஜனவரி 27, திங்கள்

மேகம். மதியத்துக்கு மேல் வெளுத்தது.

நேற்று ஞாயிறு, பூசையில் அண்ணன் இரண்டு வரிசை முன்னால். பேசவில்லை. அவரும் பேசவில்லை. அது அதன் பாட்டுக்கு நடக்கும்.

காலையில் மென்பொருளைத் திறந்தேன். ஒரு கெட்ட யோசனை. தொட்டியிலிருந்து வேளிமலை உச்சிக்கு ஒரு கோடு. கோபுரத்திலிருந்து மருத்துவாமலைச் சரிவுக்கு ஒரு கோடு. இரண்டையும் கடலுக்குள் நீட்டினால் வெட்டுகிற இடத்தில் ஊசி. ஐந்து நிமிட வேலை. கை பழகிய வேலை. முதல் கோட்டைப் பாதி வரைந்தும் விட்டேன்.

அழித்தேன்.

இறந்த இடம் என்ற கட்டத்தில் தட்டினேன்: நம்ம கல்லு, அந்தோணி அறிவார், தம்பியும் அறிவான்.

"இந்த இடம் கண்டறியப்படவில்லை. இருந்தாலும் சேமிக்கவா?" என்று கேட்டது. சேமி.

ஜெனிக்குச் செய்தி: "காலி இல்லை. ஊருக்கு வரும்போது உன்னைக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லியிருக்கிறேன். மகள் என்றால் என்ன, மருமகன் இல்லையே." அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன்.

பெயிண்ட் வாங்க நாகர்கோவில் போனேன். பழைய மஞ்சள் இல்லை. அதைவிடக் கூசுகிற மஞ்சள்தான் இருந்தது. நல்லது.

நாலு மணிக்கு மாடியில். தெற்குப் பக்கம் ஒரு கை அடித்து முடித்தபோது ஃபோன். அண்ணன். பின்னணியில் எஞ்சின், காற்று.

"ஏலே, தெரியுது. கண்ணு கூசுது. இன்னொரு கை அடி, மக்கா. கடல் பாத்த பக்கம் மட்டும் போரும். வடக்குப் பக்கம் அடிச்சுப் பெயிண்டக் களையாத, மலையா வந்து பாக்கப்போகுது?"

வடக்குப் பக்கமும் அடித்தேன். என் தொட்டி.