சம்பந்தியின் தோளும் செவ்வாய்க்கிழமை ஆட்டுப் பந்தயமும்

பக்கூ, டொபாகோ
தவக்காலத்து நான்காம் ஞாயிறு

அன்பு மகள் மெர்லிஸுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை இயனும் பேரன் ரோரியும் பனியில் வழுக்கி விழாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோவிலில் பாடகர் குழுவுக்குத் திரும்பிவிட்டாள், அதனால் வீட்டில் மாலை நேரத்தில் அமைதி குறைந்திருக்கிறது. பின்பக்கத்துக் கூரைத் தகரத்தை மாற்றிவிட்டேன். ரோரிக்கென்று உன் பழைய அறைக்கு நீல வர்ணம் அடித்தேன், அடித்து முடித்த மறுநாள்தான் நீங்கள் ஓட்டலில் தங்கப் போகிறீர்கள் என்று உன் செய்தி வந்தது. நல்ல நீலம்தான், வீணாகாது, நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். உன் மாமனார் ஹாஸ்கெட் ஒரு பல் வைத்தியருக்கே உரிய ஒழுங்கோடு ஆறு நாளையும் இடைவெளி விடாமல் வரிசையாகப் பொருத்தியிருக்கிறார். சனிக்கிழமை ஓட்டல் நீச்சல் குளத்தோரம் நண்டுப் பந்தயம், ஞாயிறு மணலில் ஈஸ்டர் முட்டை தேடுவது, திங்கள் கண்ணாடித் தளம் போட்ட படகில் பவளப்பாறை, செவ்வாய் நம் ஊர் ஆட்டுப் பந்தயம், புதன் அருவிக் குளியல், வியாழன் காலை கொக்கோத் தோட்டம், வியாழன் மாலை நாலு முதல் ஆறு வரை மெர்லிஸின் பெற்றோர் வீட்டில் தேநீர், ஆறு மணிக்கு ஸ்டீல் டிரம் வாசிக்கப் பழகுதல். ஆக நாங்கள் கொக்கோவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் எதிரில் குழந்தைகளுக்கு எவ்வளவு உகந்தது என்று நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறார். கொக்கோவுக்கு ஐந்து, எங்களுக்கு மூன்று. நான் குறை சொல்லவில்லை, மூன்று கௌரவமான எண்ணிக்கைதான், அருவிக்கும் மூன்றுதான் கிடைத்திருக்கிறது, அது எங்களைவிட மூத்தது.

நண்டுப் பந்தயத்துக்கு ஓட்டலுக்குப் போக வேண்டுமா என்று அம்மா கேட்டாள். நாலு வயதில் நீ இந்தக் கடற்கரையிலேயே நண்டுக்குக் கயிறு கட்டிக் குச்சியால் தட்டி ஓட்டியவள். நம் வீட்டில் தோற்ற நண்டு குழம்புக்குப் போகும், ஜெயித்ததும் அதே சட்டிக்குத்தான் போகும், குழம்பில் கூட வேகும் மாவு உருண்டைக்கு அதனிடம் பேதம் கிடையாது. ஓட்டலில் எல்லா நண்டையும் மறுபடி கடலோரம் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். அங்கே நண்டும் விருந்தாளி. நீங்கள் சனிக்கிழமை வருவதில் அம்மாவுக்கு ஒரு நிம்மதி, பெரிய வெள்ளியன்று கடலில் இறங்கினால் மீனாகிவிடுவோம் என்ற நம் ஊர் நம்பிக்கையைச் சம்பந்திக்கு யார் எடுத்துச் சொல்வது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கவலை வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அறுபத்தாறு வருஷமாக இந்தத் தீவில் இருப்பவன் நான், அவர் முதல் தடவையாக வருகிறார், ஆனால் ரோரிக்கு இந்தத் தீவைக் கைப்பிடித்துக் காட்டப் போவது அவர். மற்ற நாளெல்லாம் போகட்டும், செவ்வாய்க்கிழமையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஈஸ்டர் செவ்வாய் என்றால் தொடக்கக் கொடி இருபத்திரண்டு வருஷமாக என் கையில் என்பது உனக்குத் தெரியும். ஆடுகளும் பின்னால் கயிறு பிடித்து வெறுங்காலோடு ஓடும் பையன்களும் நிற்பது களத்தின் ஒரு கோடி, ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் மேடை மறுகோடி. மதியம் முழுக்க நான் அந்தக் கோடியை விட்டு நகர முடியாது. மூன்று வாரம் முன்பு தொலைபேசியில் ரோரி கேட்டான், “ஹாஸ்கெட் தாத்தா தோள் மேல ஏறிக்கிட்டா கடைசி ஆடு வரைக்கும் தெரியுமாம், உங்க தோள்ல ஏறினா என்ன தாத்தா தெரியும்?” முன்னால் நிற்பவரின் தொப்பி தெரியும் என்று உண்மையைச் சொல்ல நேர்ந்தது. அவர் ஆறடி மூன்றங்குலம், நான் ஐந்தடி ஐந்து, இதில் யார் மேலும் தப்பில்லை. ஆனாலும் அவன் வாழ்க்கையில் பார்க்கப் போகிற முதல் ஆட்டுப் பந்தயத்தை அந்தத் தோளில் உட்கார்ந்து பார்க்கப் போகிறான், நான் எதிர்க்கோடியில் ஆட்டு வாலைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறேன் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொடியை விட்டுக்கொடுத்துவிட்டு மேடையில் பேரனோடு உட்கார வேண்டியதுதானே என்பாய். விட்டால் அது உன் சித்தப்பா ஆஷ்டன் கைக்குப் போகும். பதினோரு வருஷமாக என் உடல்நலத்தை அக்கறையோடு விசாரித்துக்கொண்டிருக்கிறான், ஒவ்வொரு வருஷமும் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும்போது அவன் முகம் வாடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவன் கொடியசைப்பதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதிலும் நன்றாக அசைத்துவிட்டால் என்ன செய்வது. உன் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள், “கொடியையும் விடமாட்டீங்க, பேரனையும் விடமாட்டீங்க, இருக்கிறது ரெண்டு கைதானே, எத்தனையத்தான் புடிப்பீங்க?” நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை ஆடுகளைப் பந்தயத்துக்குக் கால் உறுதிப்பட வேண்டுமென்று கடலில் நீந்தப் பழக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு வழி தோன்றியது. தோள் என்னிடம் இல்லை, சரி. அந்தத் தோளை அங்கிருந்து நகர்த்தலாம் அல்லவா.

பத்து நாள் முன்பு, வியாழக்கிழமை, பந்தயக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். வெளிநாட்டு விருந்தாளிகளை நாம் மேடையில் உட்காரவைத்தே வீணாக்குகிறோம், இந்த வருஷம் எல்லாப் பந்தயத்துக்கும் கனடாவிலிருந்து வரும் என் சம்பந்தி கொடியசைக்கட்டும், இருபத்திரண்டு வருஷத்து மரியாதையை நான் மனமுவந்து தருகிறேன் என்றேன். தலைவி மிஸ் யூலாலி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “என்னப்பா எகர்டன், வெயில் ஏதும் பட்டுச்சா?” என்று கேட்டாள். ஆஷ்டன் எழுந்து, “ஆடு ஓட வருதா, பல்லு பிடுங்க வருதா? பல் டாக்டருக்கு இங்க என்ன வேலை?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு குடும்ப உறவு, தீவின் உபசாரம் என்று நாலு நல்ல வார்த்தை சொன்னேன், மிஸ் யூலாலிக்குக் கண் கலங்கிவிட்டது, தீர்மானம் நிறைவேறியது. ஆஷ்டன் வெளியே வந்து, “அண்ணே, நீங்க இவ்வளவு நல்லவர்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே” என்றான். எனக்கும் தெரியாது என்று சொல்லி வைத்தேன். அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன். மேடையின் முன் வரிசையில் கம்பியோரம் இரண்டு இடத்துக்குச் சொல்லியாகிவிட்டது, எனக்கும் ரோரிக்கும், அங்கே முன்னால் தொப்பி எதுவும் இருக்காது.

சம்பந்தியிடம் நானே தொலைபேசியில் சொன்னேன். அவர், “எகர்டன், என் ஆயுசுல யாரும் எனக்கு இப்படி ஒரு கௌரவம் குடுத்ததில்ல, நாப்பது வருஷமா என்னைப் பார்த்தாலே ஜனங்க வாயை இறுக்கி மூடிக்கிட்டாங்க” என்றார். இவ்வளவு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை, எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. ஆட்டைப் பார்க்கக் கூடாது, பையன்களின் கால்விரலைப் பார்க்க வேண்டும், பத்து விரலும் மண்ணில் அழுந்தின நொடியில் கொடியை இறக்க வேண்டும் என்று தொழில் நுணுக்கம் அத்தனையும் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கொடியைத் தாழ்வாகப் பிடித்தால் ஆடு தின்றுவிடும். ஆறடி மூன்றங்குலத்துக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படாது என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது.

இன்று காலை அவர் திரும்பக் கூப்பிட்டார். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் பின்முற்றத்துப் பனியில் சமையலறைத் துண்டை வைத்துக்கொண்டு பழகுகிறாராம், ரோரிதான் ஆடாம், வேலியிலிருந்து கொட்டகை வரைக்கும் கத்திக்கொண்டே ஓடுகிறானாம், ஒரு மாலைக்குப் பதினைந்து தடவையாம். நீ எனக்கு இதைச் சொல்லவில்லை. ரோரியும் வந்து பேசினான், “தாத்தா, செவ்வாக்கிழமை நான் உங்க பக்கத்துல உக்காந்து ஹாஸ்கெட் தாத்தாவையே பார்ப்பேன்” என்றான். இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பார்ப்பதற்கென்று யாரும் அந்த மேடையில் உட்கார்ந்ததில்லை, உன் அம்மாகூட கடலைதான் தின்றுகொண்டிருப்பாள். தீர்மானம் பதிவாகிவிட்டது, ஆஷ்டன் வேறு ஊர் முழுக்கச் சொல்லி என்னைப் புகழ்கிறான், இனி மாற்ற வழியில்லை.

நிரலில் வியாழக்கிழமை நாலு முதல் ஆறு என்றிருப்பதை அம்மா ஏற்கவில்லை, நண்டுக் குழம்பு ஆறு மணிக்குள் ஆறாது என்கிறாள், டிரம்மை வேறு நாளுக்குத் தள்ளு. ரோரிக்கு நல்ல தொப்பி ஒன்று எடுத்து வை, சம்பந்திக்கும் ஒன்று, அந்தக் கோடியில் நிழல் கிடையாது, அவருக்குத் தலையில் முடியும் கிடையாது. பவளப்பாறைக்குப் போகும் முன் பிள்ளைக்கு வயிறு நிறைய எதுவும் கொடுக்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கடவுள் உங்கள் எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், உன் மாமனாரையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன், அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றை மறந்துவிடாமல் புறப்படுவதற்கு முன்பே ரோரியிடம் சொல்லிவை: பந்தயம் என்றால் ஆட்டைத்தான் பார்க்க வேண்டும், கொடி பிடித்தவரை யாரும் பார்ப்பதில்லை.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
எகர்டன் ட்ரிம்
(மூன்று நட்சத்திரம்)