கொய்யா மரத்தடியில் ஊற்றிய தண்ணீர்

ஊருக்கெல்லாம் காலேஜ் டீச்சராகவும் எனக்கு மட்டும் அக்காவாகவும் இருந்தவளுக்கு,

இதை எழுதலாமா, கூடாதா என்று பல நாள் யோசித்தேன். நீ இருந்தால், "எழுதறதுன்னா எழுதுடா, இதுக்கும் என்கிட்ட பர்மிஷனா?" என்று கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லாமல் போனதால்தான் இத்தனை நாள் ஆயிற்று.

முதலில் ஊர்ச் சேதி. கரண்ட் நினைத்தபோது போகிறது. செராமிக் யூனிட்டுகளில் பாதி நாள் மிஷின் ஓடுவதில்லை. என் வீட்டுக்காரி சரோஜாவும் செல்போன் வாங்கிவிட்டாள். ஆனால் அதில் பேசும்போது ஜங்ஷன் வரைக்கும் கேட்கிறது. உன் மைக்ராஸ்கோப்புக்குக் கரண்ட் கவலை இல்லை. ஜன்னல் வெயிலை அதன் கண்ணாடியில் பிடித்துத் திருப்பினால் போதும் என்று நீ காட்டியபடியே செய்கிறேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று தெரியவில்லை.

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்வது அசட்டுத்தனம். ஆனாலும் இதைப் படிக்கிறவர்களுக்கு நீ யாரென்று தெரிய வேண்டும். விருத்தாசலம் என்றால் எல்லோரும் பீங்கான் என்பார்கள். கப்பும் பொம்மையும் செய்ய மண் எடுத்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீரில் ஓர் உயிர் இருக்கிறது. உடம்பு முழுவதும் ஒரே ஒரு செல். அது மண்துகளைப் பொறுக்கிச் சேர்த்துத் தனக்கென்று ஒரு குடுவை கட்டி அதற்குள் வாழ்கிறது. ஓடு கட்டும் அமீபா. நம் பக்கத்துப் பள்ளங்களில் அது இருப்பதை முதலில் பார்த்துச் சொன்னவள் நீ. வெளிநாட்டிலிருந்து உனக்கு வந்த கடிதங்களெல்லாம் 'டியர் சார்' என்றே தொடங்கும். "நான் மேடம்னு ஒரு வரி எழுதேன்க்கா" என்பேன். "சாராவே இருந்துட்டுப் போறேன்டா, பதில் சீக்கிரம் வருது" என்பாய்.

அந்த உயிர் இரண்டாகப் பிரியும்போது புதியதற்கு ஓடு எங்கிருந்து வருகிறது? நம்முடைய அமீபா இதை எப்படிச் செய்கிறது என்று பார்க்க உனக்கு நிறமுள்ள தூள் வேண்டியிருந்தது. நான் வேலை பார்த்த யூனிட்டில் கப்புக்குப் பூசும் நீலக் கண்ணாடித்தூளைக் கேட்டாய். கம்பெனிப் பொருளாயிற்றே என்று நான் முதலாளியிடம் போய் நின்றேன்.

"உங்க அக்கா என்னய்யா, வூட்டுல கப்பு சாசரு போடப் போறாங்களா?"

"இல்லீங்க சார். அமீபா போடும்."

அவர் சிரித்து முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். பிறகு மூக்குப்பொடி டப்பா அளவு அள்ளிக்கொள்ளச் சொன்னார். அதை மிக நுண்ணிய சல்லடையில் சலித்து உனக்குக் கொடுத்தேன். உன் அமீபாக்கள் நீலக் குடுவை கட்டின. பிறகு நீலமே இல்லாத தண்ணீருக்கு அவற்றை மாற்றினாய். அங்கே பிறந்த குட்டியின் ஓட்டிலும் நீலம் இருந்தது. பிரிவதற்கு முன்பே தாய் துகள்களை விழுங்கி வயிற்றுக்குள் சேர்த்து வைக்கிறது, குட்டி அதை வைத்தே வீடு கட்டுகிறது என்று காட்டினாய். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ரிட்டையரான பின் நம் வீட்டுப் பின்னறை ஜன்னலில் ஊறுகாய் பாட்டில்களில் அதே நீலத்தூள் போட்டு அவற்றை வளர்த்தாய். நீ நோயில் படுத்த பிறகு நீ சொல்லச் சொல்ல நான் தண்ணீர் மாற்றினேன். உன் மாணவி செல்வி சென்னையில் வளர்த்தவை வெயிலில் செத்துப்போனதால், மிச்சமிருந்தவை அந்தப் பாட்டில்களில் மட்டும்தான்.

இப்போது உன்னிடம் சொல்லக் கஷ்டமாக இருப்பதைச் சொல்கிறேன். உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மணிமுத்தாற்றங்கரைக்குப் போனோம். சாவு வீட்டில் பெண்கள் என்ன செய்வார்கள்? வீட்டைக் கழுவினார்கள். இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டினார்கள். நான் திரும்பி வந்து கால் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனபோது, உன் பாட்டில்கள் மதில்மேல் தலைகீழாகக் கவிழ்ந்து வெயிலில் பளபளத்தன. சோப்புப் பொடி வாசனை அடித்தது.

நான் அப்போதுதான் அழுதேன் அக்கா. உனக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் தப்பில்லை.

செல்வி போன் செய்தாள். "சார், காரியத்துக்கு வரேன். மேடத்தோட கல்ச்சர அப்பவே எடுத்துக்கறேன். பத்திரமா இருக்குதுங்களா?"

"வாம்மா, பாத்துக்கலாம்" என்றேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

பாட்டில்களைக் கழுவியது சரோஜாதான். அவற்றில் என்ன இருந்தது என்று அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டாள் என்று பயந்தேன். ஆனால் நான் சோறு சரியாகச் சாப்பிடவில்லை என்று அவளே பிடித்துவிட்டாள்.

"என்னாங்க, அந்த பாட்டிலு விஷயமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியாமத்தானே ஊத்தின" என்றேன்.

"யாரு சொன்னா தெரியாதுன்னு? இத்தன வருஷமா பாக்கறேன், அதுல என்னமோ உசிரு இருக்குதுன்னு தெரியாதா? அவங்களே போயிட்டாங்க. இனிமே அதுங்களுக்கு யாரு இருக்காங்க? உங்களுக்குக் கண்ணே தெரியல. டீயில எறும்பு கெடந்தாலே குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்ற ஆளு. கேட்பாரில்லாம நாறிப் போவறதுக்கு, அவங்க வச்ச மரத்துக்கே போவட்டும்னுதான் ஊத்தினேன்."

"எந்த மரத்துக்கு?"

"கொய்யா மரத்துக்கு. ஜலதாரையில ஊத்த மனசு வரலீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் எண்ணியதில் தவறும் இல்லை. என்னை நம்பி எதையும் விடலாம் என்று நானே நினைத்ததில்லையே. ஆனால் நீ ஒருமுறை சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. தண்ணீர் வற்றினால் அது உடனே செத்துவிடாது, குடுவையின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே சுருண்டு கிடக்கும் என்றாய். "கதவச் சாத்திக்கும்டா, உன்னை மாதிரி" என்று சிரித்தாய். ஜலதாரையில் போயிருந்தால் போனதுதான். இது மரத்தடி மண்.

சோப்புத் தண்ணீரை வேறிடத்தில் கொட்டியதாகச் சரோஜா சொன்னாள். கொய்யா மரத்தடியில் மேல் மண்ணைச் சுரண்டி எடுத்தேன். யூனிட்டில் காது கோணலாக வந்ததென்று ஒதுக்கிய வெள்ளைக் கப்புகள் வீட்டில் இருந்தன. அவற்றில் மண்ணைப் போட்டு, கொதிக்க வைத்து ஆறிய மழைத்தண்ணீர் விட்டு, அதன் தீனிக்கு ஒவ்வோர் அரிசி போட்டு, ஜன்னலில் வைத்தேன். கப்பு கப்பாகச் சொட்டு எடுத்துப் பார்த்தேன். நீல ஓடுகள் கிடைத்தன. எல்லாம் காலி. திறந்த வாய், உள்ளே ஒன்றுமில்லை. நீ இல்லாத உன் அறையைப் போலவே இருந்தன. காரியத்துக்கு முந்தின நாள் ஒன்றே ஒன்று கிடைத்தது. வாய் அடைத்திருந்தது.

செல்வி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"உசிரோட இருக்கா சார், இல்ல உள்ளயே செத்துடுச்சான்னு என்னாலயும் சொல்ல முடியல. மண்ணுல பாதி நான் எடுத்துட்டுப் போறேன். பாதி உங்ககிட்ட இருக்கட்டும்."

"என்கிட்டயா?"

"வேற யாரு சார் இருக்காங்க?"

அவளுடைய பாதியிலிருந்து இதுவரை ஒன்றும் எழவில்லை. வாராவாரம் போன் செய்கிறாள். "இங்கயும் இல்லம்மா" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் சலித்துவிட்டது.

இன்று காலை கரண்ட் இல்லை. நல்ல வெயில். வழக்கம்போல் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன். ஓர் ஓட்டின் வாயிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு விரல் நீண்டது. நின்றது. இன்னும் கொஞ்சம் நீண்டது. "அக்கா, இங்க வா!" என்று உன் கட்டில் பக்கம் திரும்பிக் கத்திவிட்டேன்.

கட்டிலில் சரோஜா காயப்போட்ட மிளகாய் இருந்தது.

அவள்தான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். யாரைக் கூப்பிட்டேன் என்று கேட்கவில்லை. என் கண்ணை நான் நம்பவில்லை, அதனால் நகர்ந்து இடம் விட்டேன். இத்தனை வருஷத்தில் அவள் அதில் கண் வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்ன நிறம் தெரியுது?"

"இருங்க, அவசரப்படுத்தாதீங்க... நீலம். உங்க கம்பெனி கப்புல கோடு போட்டிருக்குமே, அந்த நீலந்தாங்க." கொஞ்சம் பொறுத்து, "கைய நீட்டுதுங்க" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

ஒன்றுதான் அக்கா. அது பிரியுமா, நான் போட்ட அரிசி அதற்குச் சரிப்படுமா, எதுவும் தெரியாது. உன்னைக் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவாய். அந்த ஒரு வார்த்தை இனி எங்கே கிடைக்கும்?

என்னால் ஆன வாக்கு ஒன்று தருகிறேன். நான் இருக்கிறவரை தண்ணீர் மாற்றுவேன். என்னைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்கு வீட்டை எப்படி வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளட்டும், ஜன்னலில் இருக்கும் காது கோணல் கப்புகளை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று சரோஜாவிடம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

நீ சேர்த்து வைத்ததில் ஒரு துகளாய்,
உன் தம்பி