வராதே என்று சொன்ன வருடம்

ஜனவரி 9

மனைவியிடம் நூலகம் போகிறேன் என்று சொல்லிவிட்டு இதய மருத்துவரிடம் போனேன். இவர் இரண்டாமவர். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க, ஒரு மாதிரியை ஒரே முறை சோதித்து நான் அறிக்கை எழுதியதில்லை. என் இதயத்துக்கு மட்டும் விலக்கு எதற்கு? ஆனால் முடிவு மாறவில்லை. வால்வு சரியாகத் திறப்பதில்லை.

எவ்வளவு காலம் என்று கேட்கத்தான் போனேன். அதை விட்டுவிட்டு, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டேன். அது சீட்டிலேயே எழுதியிருந்தது. கேட்காததற்கு அவரே பதில் சொன்னார். "ஆபரேஷனை உங்க உடம்பு தாங்காதுங்க. மாத்திரையில ஓட்டலாம். ஒரு வருஷம், ரெண்டு வருஷம்... அதுக்கு மேல சொல்றதுக்கில்ல. விமானத்துல மட்டும் ஏறாதீங்க."

வரும் வழியில் உண்மையிலேயே நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். ஒரு பொய்யை முழுதாகச் சொல்லக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை.

அவளுடைய விசா ஏப்ரல் கடைசியில் முடிகிறது.

ஜனவரி 12

விசா ஆலோசகரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பேசும்போது கண்ணைக் கணினியை விட்டு எடுப்பதில்லை. இன்று ஒரு தடவை எடுத்தார்.

இரண்டு வழிகள். முதல் வழி, என் மனைவி என்ற முறையில் நீட்டிப்பு. இங்கிருந்தபடியே செய்யலாம், சுலபம். இன்னும் மூன்று வருடம் கழித்து நிரந்தர அனுமதி. இரண்டாவது வழி, செவிலியர் என்ற முறையில் அவள் பெயரிலேயே பணி விசா. ஆனால் அதற்கு அவள் தன் நாட்டுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம், எட்டு மாதம்கூட ஆகலாம். விண்ணப்பம் நடக்கும்போது இங்கே வரக் கூடாது. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தாலும் விண்ணப்பம் ரத்தாகிவிடும்.

"எதுக்கு ஐயா ரெண்டாவது? கைல வெண்ணெய் இருக்கற மாதிரி முதல் வழி இருக்கே" என்றார்.

முதல் வழியில் மூன்று வருடத்துக்குள் எனக்கு ஏதாவது ஆனால் என்று கேட்டேன். அப்போதுதான் கண்ணை எடுத்தார்.

"அவங்க அனுமதியும் அதோட முடிஞ்சிடும் ஐயா. கிளம்பச் சொல்லிடுவாங்க."

ஜனவரி 13

கிளம்பி எங்கே போவாள்?

ஒரு நண்பர் மகன் திருமணத்துக்காக அவள் நாட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சலில் படுத்தேன். அந்த மருத்துவமனையில் அவள் தலைமைச் செவிலியர். நம் மொழி பேசுகிற குரல் கேட்டதில் பாதிக் காய்ச்சல் விட்டது. பிறகு ஒரு வருடம் தொலைபேசி. என்னைப் போன்ற ஒரு மனிதன் அறுபத்தொன்பது வயதில் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

வரும்போது அவள் வேலையை விட்டாள். இருந்த ஒரே வீட்டைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தாள். அந்தத் தம்பி மனைவி இப்போது தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை. "கதவைச் சாத்திட்டு வந்தாத்தானே இந்தப் பக்கம் முழுசா வர முடியும்" என்றாள் அப்போது. எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றே பயந்திருக்க வேண்டியவன் நான்.

ஜனவரி 20

சொல்லவில்லை.

பிப்ரவரி 2

இன்று சொன்னேன். நோயைப் பற்றி அல்ல, விசாவைப் பற்றி. நோயைச் சொன்னால் என்னை விட்டு அசைய மாட்டாள். அதனால் அதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சொல்வது என்று திட்டம். வாக்கியங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் படிப்பும் அனுபவமும் வீணாகக் கூடாது. பணி விசா இருக்கிறது. ஒரு தடவை ஊருக்குப் போய்..."

கத்தி நின்றது. "எனக்கு இங்க என்ன குறைன்னு நான் சொன்னேன்?"

"குறை ஒன்றுமில்லை. இது நல்ல வழி என்று..."

"எத்தனை மாசம்?"

"ஆறு. எட்டு."

"ஓ" என்றாள். பிறகு வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். அதற்குப் பிறகும் நறுக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேருக்கு அவ்வளவு வெங்காயம் எதற்கு?

பிப்ரவரி 3

பரண் மேலிருந்த பெட்டியை அவளே இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். வழக்கமாக என்னைத் 'தண்ணி டாக்டர்' என்று கூப்பிடுவாள். இன்று, "சாப்பாடு வைக்கட்டுங்களா?" என்று கேட்டாள். விருந்தாளியைக் கேட்பதுபோல.

பிப்ரவரி 6

மகள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறாள், குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

"அப்பா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? அவங்க எனக்கு ஃபோன் பண்ணி அழறாங்க. அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையாம்மான்னு கேக்கறாங்க. யார்கிட்ட? என்கிட்ட! உங்க கல்யாணத்துக்கே வராதவ நான். நான் உக்காந்து அவங்களுக்குச் சமாதானம் சொல்லிட்டிருக்கேன்."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"வேற யாராவது இருக்காங்களான்னுகூடக் கேட்டாங்க. உங்களுக்கா! எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் அவங்களும் சிரிச்சாங்க. அப்புறம் மறுபடி அழுதாங்க. அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன்.

ஒரு மனுஷியைக் காப்பாற்றப் போய் இப்படியா நோகடிப்பேன்? அவளுக்காகத்தான் மறைக்கிறேனா, இல்லை, சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தா? நேர்மையாக எழுதினால், பாதிக்குப் பாதி.

பிப்ரவரி 7

காலைத் தேநீர் ஆறுகிறவரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன். வால்வு, இரண்டு மருத்துவர்கள், மாத்திரை, எல்லாம். மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் குனிந்து என் கால்சட்டையைச் சற்றுத் தூக்கி, காலுறைப் பட்டி பதிந்த தடத்தைக் காட்டினாள்.

"முன்ன பின்ன தெரியாதவங்க கால் வீக்கத்தையெல்லாம் பார்த்தே வயசானவ நான். வீட்ல இருக்கற காலப் பாக்க மாட்டேனா? மூச்சு முட்டித் தலகாணி ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. நான் எண்ணாமலா படுத்திருந்தேன்?"

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தா, ஊருக்குப் போன்னு சொல்றீங்க. எனக்கு எப்படி இருக்கும்? நல்லா இருந்தப்ப நான் வேணும், படுக்கற நேரத்துல நான் வேண்டாம், மக போதும்னு நினைச்சிட்டீங்கன்னு... ஒரு நர்சுகிட்ட சொல்ல இதைவிடக் கொடுமையான வார்த்தை இருக்கா?"

இப்படி ஓர் அர்த்தம் அதற்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை முறை ஒத்திகை பார்த்தேன்!

பிறகு விதியைச் சொன்னேன், நான் போனால் அவள் அனுமதியும் போகும் என்பதை. அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப நான் எங்க போவேன்?" என்றாள். என்னைக் கேட்கவில்லை. ஆறிப்போன தேநீரைக் கேட்டதுபோல இருந்தது.

பிப்ரவரி 9

போக மாட்டேன் என்கிறாள். "வர்றது வரட்டும். நான் இங்கதான் இருப்பேன்." எனக்கு என்ன வந்தது? மகிழ்ச்சி வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

பிப்ரவரி 15

இருவரும் ஆலோசகரிடம் போனோம். நான் சுற்றி வளைத்துக் கேட்டதை அவள் ஒரே வரியில் கேட்டாள். "இவரு போயிட்டா எனக்கு எவ்வளவு நாள் தருவாங்கம்மா?"

"அறுபது நாள்."

"அறுபது நாளா? இவரு புஸ்தகத்தையே அதுக்குள்ள ஒதுக்க முடியாதே."

ஆலோசகர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டார்.

திரும்பும்போது பேருந்தில் சன்னலோர இருக்கையை எனக்குக் கொடுத்தாள். நான்கு நிறுத்தம் கடந்தது. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"போறேன். ஆனா நான் வர்ற வரைக்கும் நீங்க இருக்கணும். விசா வாங்கறது என் வேல. இருக்கறது உங்க வேல. ஏமாத்தக் கூடாது."

இது என் கையில் இருக்கிற வேலையா என்று கேட்க நினைத்தேன். சரி என்றேன்.

மார்ச் 11

நகரப் பொது மருத்துவமனையில் அவளுக்கு நேர்காணல். சிறுநீரகப் பிரிவு. வேலை கொடுக்கிறோம், விசாவோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வயது வரம்புக்கு இன்னும் இரண்டு வருடம் மிச்சம் இருக்கிறதாம். "நான் ஒண்ணும் கிழவியில்ல, தெரிஞ்சுக்குங்க" என்றாள். இரவுச் சாப்பாட்டின்போது அதையே இன்னொரு முறை சொன்னாள்.

ஏப்ரல் 22

போய்விட்டாள். விமான நிலையத்தில் என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. மகள் வண்டியில் அழைத்து வந்து, மேலே படி ஏற வேண்டாம் என்று என் கட்டிலைக் கீழறையில் போட்டாள். அவர்கள் இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. என்னைக் கேட்கவில்லை. கேட்காததே நல்லது.

மே 3

தினமும் மாலை காணொளியில் பேசுகிறாள். முதல் வேலையாகக் காலைக் காட்டச் சொல்கிறாள். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுக்க வேண்டும்; குழி எவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்று பார்ப்பாள். என் முகத்தைவிட என் கணுக்காலைத்தான் அதிகம் பார்க்கிறாள். இன்று குழி உடனே நிறைந்தது. "பாஸ்" என்றாள். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

ஒரு பழைய தோழி வீட்டின் பின்னறையில் தங்கியிருக்கிறாள். தம்பி வீட்டு வழியாகத்தான் கடைக்குப் போகிறாளாம். "நம்ம வீட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சிருக்காங்க" என்றாள். உடனே தம்பி வீடு என்று திருத்திக்கொண்டாள்.

ஜூலை 16

கூடுதல் சான்று கேட்டிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முன் அவள் படித்த செவிலியர் பள்ளி மூடியாகிவிட்டது. அது இருந்தது என்று யார் சான்று தருவது? ஆலோசகர், "வரும் ஐயா. கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்" என்றார். எனக்கு இழுக்காமல் இருக்க வேண்டுமே.

ஆகஸ்ட் 28

ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தேன். நுரையீரலில் நீர். முதல் நாள், அவளிடம் சொல்லாதே என்று மகளிடம் சைகை காட்டினேன். மூச்சு வாங்கியதால் பேச முடியவில்லை.

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? நீங்க ஒருதடவை மறைச்சதுலயே நான் பட்டது போதும்பா. நான் சித்திகிட்ட சொல்லத்தான் போறேன்."

சித்தி என்று முதல்முறையாகச் சொன்னாள். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் தொலைபேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அங்கே அவள் அழுகையோடு பேசினாள்.

"நான் வந்துடறேன். சும்மா பாக்கற விசாவுல வந்துடறேன். அந்த விண்ணப்பம் போனாப் போகட்டும். டிக்கெட் பாத்துட்டேன், நாளன்னிக்கி இருக்கு. வரட்டுமா? சொல்லுங்க, வரட்டுமா?"

வா என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை! ஒரு எழுத்து. மூச்சே தேவையில்லை அதற்கு. யாருக்கும் எதையும் மறுத்துச் சொல்லிப் பழகாதவன் நான். கடைக்காரன் அழுகல் பழத்தைப் போட்டால்கூட வாங்கிக்கொண்டு வருகிறவன்.

"வராதே" என்றேன்.

"என்னங்க..."

"வராதே. நான் இருக்கிறேன். என் வேலையை நான் பார்க்கிறேன். உன் வேலையை நீ பார்."

 பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கால காட்டுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 30

சொன்னது சரியா? இந்த வாரத்திலேயே போயிருந்தால், கடைசியாக அவளிடம் சொன்ன வார்த்தை அதுவாக இருந்திருக்கும். அவள் அதை எப்படிச் சுமந்திருப்பாள்? இதை யாரிடம் கேட்பது? சரிபார்க்க இரண்டாவது மாதிரி இல்லாத சோதனை இது.

அக்டோபர் 5

குழி மெதுவாகத்தான் நிறைகிறது. "பாஸ் இல்ல. ஆனா ஃபெயிலும் இல்ல" என்றாள். உப்பைக் குறைத்துவிட்டேன். எழுதவும் களைப்பாக இருக்கிறது.

நவம்பர் 19

கிடைத்துவிட்டது. அவள் பெயரில், அவள் தொழிலில். இனி நான் எப்போது போனாலும் அவளை யாரும் கிளம்பச் சொல்ல முடியாது.

மகளிடம் சொல்லக் கூப்பிட்டேன், அவள் பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னேன். "யாருக்கு என்னப்பா ஆச்சு?" என்று பயந்துவிட்டாள்.

டிசம்பர் 8

வந்துவிட்டாள். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். இளைத்துவிட்டேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நேராக வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கணுக்காலை அவளே அழுத்திப் பார்த்தாள். குழி நிறைந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

பிரிந்திருந்த மாதங்கள் திரும்பி வராது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 

ஜனவரி 24

அவளுக்குக் காலை முறை வேலை. இருட்டு பிரிவதற்குள் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். மாலையில் வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து நோயாளிகளைப் பற்றிப் பேசுகிறாள். "இன்னிக்கு ஒருத்தர், உங்கள மாதிரியே. வலிக்குதான்னு கேட்டா, உங்களுக்குச் சிரமம் இல்லையேன்னு கேக்கறாரு." நான் பாதியில் தூங்கிவிடுகிறேன்.

பிப்ரவரி 13

அவள் வேலை செய்கிற மருத்துவமனையிலேயே ஊழியர் குடும்பத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இனி என் மாத்திரையும் சோதனையும் அங்கேதானாம். அவளால் வார்டை விட்டு வெகுநேரம் இருக்க முடியாது. என்னை நீண்ட பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் போத்தலைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

பெஞ்சில் பிள்ளைகளோடு சில பெண்கள், ஒரு கர்ப்பிணி. ஆண் என்று பார்த்தால் நான் ஒருவன்தான்.

சன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் தலையை நீட்டி, "டயாலிசிஸ் வார்டு சிஸ்டரோட வீட்டுக்காரர் யாருங்க?" என்றார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று நானும் சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. நான்தான் என்றேன். சத்தம் போதவில்லை போலிருக்கிறது, மறுபடி கூப்பிட்டார்.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நிமிர்ந்து நிற்கச் சற்று நேரமாயிற்று. அந்தக் கர்ப்பிணி எனக்காகக் காலை ஒதுக்கிக்கொண்டாள். கையை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, நான்தான் என்றேன்.