தமிழ் தெரிந்த ஆட்டுக்குட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கத்தோடு உன் கடைக்குட்டி எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உனக்குச் சர்க்கரை குறைந்ததா? அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாரா?

நேற்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் பிரசவம்! செயற்கைக் கருப்பையில், அதாவது வெதுவெதுப்பான நீர் நிரப்பிய ஒரு பையில், ஒரு மாதம் வளர்ந்த ஆட்டுக்குட்டியை வெளியே எடுத்தோம். அது பெரிய டாக்டர் முகத்தில் தும்மிவிட்டு, என் குரல் கேட்டதும் தலையைத் திருப்பியது. தினமும் அந்தப் பைக்குப் பக்கத்தில் நின்று மீட்டர் அளவுகளைத் தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவேன். இந்த ஊரில் என் தமிழுக்குத் திரும்பிப் பார்க்கிற ஒரே ஜீவன் அதுதான்.

டீ நேரத்தில் ஒரே சண்டை.

"மனுஷங்களுக்கும் இது வந்துட்டா கருக்கலைப்பே வேண்டாம். எடுத்துப் பையில வச்சிடலாம்" என்றார் அந்தப் பையின் மெஷினைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்.

"எடுக்கிறது யார் உடம்புல இருந்து? அவளைக் கேக்க வேண்டாமா?" என்று பாய்ந்தாள் நர்ஸ்.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் வயித்துல இருந்தப்போ எங்கம்மாவுக்கு இதயம் பலவீனம். கலைச்சிடலாமான்னு டாக்டர் கேட்டார். ரெண்டு நாள் யோசிச்சிட்டு, வேணும்னு சொன்னாங்க. அவங்களைக் கேட்டாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பெருமை" என்றேன்.

மெக்கானிக் தன் பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார்.

தலைக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது, அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதே. குட்டி பாலுக்குக் கத்துகிறது, ஓடுகிறேன்.

ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. நீ யோசித்த அந்த இரண்டு நாளும் என்னிடம் என்ன பேசினாய்?

உன் கடைக்குட்டி