காலியாக இருந்த நீதிமன்றம்

என் மகளுக்கு,

நீ விட்டுப்போன மைவி கார் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. "அம்மாவுக்குப் பழகின இடங்களுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா, ஏதாவது ஞாபகம் வரும்" என்று நீ போனில் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கோயிலுக்குப் போகச் சொல்வாய் என்று பார்த்தால், கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறாய். ஆனாலும் கிள்ளானிலிருந்து கிளம்பிவிட்டோம். அம்மா மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த சின்ன ஊர் நீதிமன்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். இன்று உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

கோல சிலாங்கூரில் காரைவிட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். பந்திங்கில் என்னிடமே, "அங்கிள், டாய்லட் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். காட்டினேன்.

இன்று கோல குபு பாரு நீதிமன்றம். மதிய இடைவேளை. வாசலில் நின்ற போலீஸ்காரர், "சும்மா பாத்துட்டு வாங்க லா ஆன்டி" என்று உள்ளே விட்டார். நீதிபதி இல்லாத மேடையைப் பார்த்து அம்மா தலைகுனிந்து வணங்கினாள். பிறகு என் கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சாட்சிக் கூண்டில் நிறுத்தினாள்.

"பயப்படாதீங்க அங்கிள். தமிழ்லயே பேசுங்க. கூட்டாம குறைக்காம நான் ஜட்ஜ்கிட்ட சொல்றேன்."

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "என் மனைவி என்னை நல்லா பாத்துக்கிட்டா. அவளுக்கு நன்றி சொல்லணும்" என்றேன்.

அவள் காலி நாற்காலியை நோக்கி நிமிர்ந்து, அதை அப்படியே மலாய் மொழியில் சொன்னாள்.

சாட்சியின் பேச்சோடு தன் பேச்சைச் சேர்க்கக் கூடாது என்பது அவள் வேலையின் விதி. இன்று அதை மீறினாள். என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "உங்க மனைவிக்கு அது தெரியும் அங்கிள்" என்றாள்.

உன் அப்பா